பஸ்ஸும் எல்லைக்கோடும்



அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நிறவேற்றுமை பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக 1954இல் தொடங்குவார்கள். பிரவுன் வழக்கின் தீர்ப்பைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் அதற்கு ஏழு ஆண்டு முந்தி, ஒரு பழைய பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

தென் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் என்றொரு கவுன்டி. கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, அளவில் சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி விளையும் பூமி. 1947இல் அங்கே வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்ல முப்பது பஸ்கள் ஓடின. கறுப்பினக் குழந்தைகள் எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கு மேல். அவர்களுக்கு ஒரு பஸ்கூடக் கிடையாது. மைல் கணக்கில் நடந்தார்கள். பெற்றோர் கைக்காசைப் போட்டு, யாரோ ஓட்டிக் கழித்த பஸ் ஒன்றை வாங்கினார்கள். அது ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகம். பஸ்தான் தரவில்லை, பெட்ரோலுக்காவது காசு கொடுங்கள் என்று கேட்டார்கள். அதற்கும் மறுத்துவிட்டார்கள்.

ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியார், அவரே பள்ளி ஆசிரியரும்கூட, ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசினார். லெவி பியர்சன் என்ற விவசாயி துணிந்து தன் பெயரில் வழக்குப் போட்டார். அதன் பிறகு அவருக்குக் கடன் கொடுப்பார் இல்லை. அறுவடைக்கு எந்திரம் வாடகைக்கு விடுவார் இல்லை. 1948இல் வழக்குத் தள்ளுபடியானது. காரணத்தைக் கேளுங்கள். அவருடைய நிலம் இரண்டு பள்ளி வட்டாரங்களின் எல்லையில் கிடந்தது. அவர் வரி கட்டியது ஒரு வட்டாரத்தில். பிள்ளைகள் படித்தது அடுத்த வட்டாரத்தில். ஆகவே அவர் வழக்குப் போட்டதே செல்லாது.

நிலத்தின் நடுவே போகும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

டிலெய்ன் விடவில்லை. அடுத்த முறை பல குடும்பங்களைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார். பட்டியலில் முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ். கடற்படையில் இருந்து திரும்பியவர், பெட்ரோல் பங்கில் வேலை. அவருக்கு வேலை போனது. விடுதியில் வேலை செய்த அவர் மனைவிக்கும் போனது. 1951இல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். இருவர், பிரித்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்ற பழைய வழியிலேயே போனார்கள். மூன்றாமவர் வாரிங், சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை. பிரித்து வைப்பதே அநீதிதான், அதில் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தனித்து எழுதினார். பிறகு சொந்த ஊரில் அவரால் வாழ முடியவில்லை, நியூயார்க்குக்குக் குடிபோனார். டிலெய்னின் தேவாலயத்தைக் கொளுத்தினார்கள். அவரும் ஊரைவிட்டு ஓடவேண்டியதாயிற்று.

அதே 1951, ஏப்ரல் 23. வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி. பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண். 180 பேருக்குக் கட்டிய பள்ளியில் 450 பேர். மிச்சப் பேருக்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகை. மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே இருப்பவன் வேர்ப்பான், ஓரத்தில் இருப்பவன் கோட்டைக் கழற்றமாட்டான். தலைமையாசிரியரை ஒரு பொய்த் தொலைபேசிச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண் எல்லா மாணவரையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தாள். அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். வழக்கறிஞர்கள் வந்து, கட்டடத்துக்காக வழக்குப் போடமாட்டோம், பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால் போடுகிறோம் என்றார்கள். பிள்ளைகள் சம்மதித்தார்கள்.

இந்த வழக்குகளோடு கன்சாஸ், டெலவேர், தலைநகர் வாஷிங்டன் என்று மொத்தம் ஐந்து வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வாதாடியவர்களுக்குத் தலைமை தர்குட் மார்ஷல். 1954 மே 17, ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன பிரவுன் தீர்ப்பு: அரசுப் பள்ளியில் இனவாரியாகப் பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம். இது உங்களுக்குத் தெரிந்த கதை. தாண்டிப் போகிறேன்.

தெரியாத கதை அடுத்த பத்து ஆண்டுகளில் இருக்கிறது. பார்பரா ஜான்ஸின் ஊரில் என்ன செய்தார்கள்? ஒன்றாகப் படிக்கவைத்தே தீரவேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியபோது, 1959இல் கவுன்டியின் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து ஆண்டு. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு உதவியோடு தனியார் பள்ளி கிளம்பியது. கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். உறவினர் இருந்தவர்கள் வெளியூர் போனார்கள். மற்றவர்கள் மூன்றாம் வகுப்பில் விட்ட படிப்பை எட்டாம் வகுப்பு வயதில் வந்து தொட்டார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பூட்டுத் திறந்தது. அந்த ஆண்டுவரை தென் மாநிலங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பள்ளியில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

இங்கே ஆசிரியர்கள் பலர் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கினால் எந்தப் பள்ளியை மூடுவார்கள்? எந்தத் தலைமையாசிரியரை வீட்டுக்கு அனுப்புவார்கள்? தீர்ப்பு வருவதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1953இல், கன்சாஸின் டோபீகா நகரப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஒரு கறுப்பின ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கு வேலை இருக்காது, வெள்ளைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்பது அதன் சாரம். பிறகு அதுவே நாடெங்கும் நடந்தது. 1954க்குப் பிந்திய பத்துப் பதினொரு ஆண்டுகளில் பதினேழு மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. ஊரின் படித்த வர்க்கமே அவர்கள்தான். வேலியை எடுத்தவன் மரத்தையும் வெட்டிக்கொண்டு போனான்.

சரி, தெற்கு எப்படி மாறியது? காசு மாற்றியது. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. பிரித்து வைத்தால் மத்திய அரசின் பணம் கிடையாது என்றது. 1965இல் பள்ளிகளுக்கு மத்திய அரசு பெரும் நிதி ஒதுக்கியது. பத்து ஆண்டு தீர்ப்புக்கு அசையாதவர்கள் மானியத்துக்கு அசைந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், நாட்டிலேயே அதிகமாகக் கறுப்பு வெள்ளைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்த பகுதி தெற்குத்தான்.

வடக்கு என்ன செய்தது? அங்கே பிரிக்கச் சொல்லும் சட்டம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. குடியிருப்பே பிரிந்து கிடந்தது.

டெட்ராய்ட் நகரில், எட்டாம் மைல் சாலைக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு சுவர் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941இல் ஒரு மனை வியாபாரி கட்டியது. அவர் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க நினைத்தார். வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தரும் மத்திய அரசு நிறுவனம், பக்கத்திலேயே கறுப்பினத்தவர் குடியிருக்கிறார்கள், முடியாது என்றது. அவர் நடுவில் சுவர் எழுப்பினார். உடனே உத்தரவாதம் கிடைத்தது. இதைத் தனிமனிதக் கெட்ட எண்ணம் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் விதிப்புத்தகமே அப்படி இருந்தது. போருக்குப் பிறகு புறநகர்கள் முளைத்தன. அங்கே வீடு வாங்கக் கடன் பெரும்பாலும் வெள்ளையருக்கே. பெரும்பாலும் ஒவ்வொரு புறநகரும் தனிப் பள்ளி வட்டாரம்.

இந்தப் பள்ளி வட்டாரம் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு. நம்மிடம் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் நாடு ஏறத்தாழ பதின்மூவாயிரம் பள்ளி வட்டாரங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டுவரியிலிருந்து வருகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பங்களாக்கள் இருந்தால் பள்ளிக்கு நீச்சல்குளம். அந்தப் பக்கம் குடிசைகள் இருந்தால் ஒழுகும் கூரை.

டெட்ராய்ட் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதை எதிர்த்து வந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டீபன் ராத், தொடக்கத்தில் கறுப்பினத்தவர் தரப்பில் சாய்ந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. நாற்பது நாளுக்கு மேல் சாட்சியம் கேட்டார். வரைபடங்களைப் பார்த்தார். வீட்டுக்கடன் கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க மனம் மாறினார். நகரப் பள்ளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாகக் கறுப்பினப் பிள்ளைகள். நகருக்குள்ளேயே கலக்கச் சொன்னால் மிச்சமுள்ள வெள்ளையரும் புறநகர் போய்விடுவார்கள். ஆகவே 1972இல் சுற்றியுள்ள 53 புறநகர் வட்டாரங்களையும் சேர்த்து ஒரே திட்டம் போட உத்தரவிட்டார். வந்ததே கோபம். அவரைக் கேவலப்படுத்தும் வாசகங்களைக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. மாரடைப்பு வந்தது. 1974 ஜூலை 11 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 25 அன்று, உச்ச நீதிமன்றம் அவருடைய உத்தரவை ரத்துசெய்தது. ஐந்துக்கு நான்கு. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபணம் இல்லை, ஆகவே அந்தக் கோட்டைத் தாண்டி அவர்களை இழுக்க முடியாது என்றார்கள்.

பிரவுன் வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல் அப்போது அதே நீதிமன்றத்தில் நீதிபதி. மாறுபட்ட தீர்ப்பை அவர் எழுதினார். நம் மாநகரங்களை வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிய விடுவது இப்போது எளிதாகத் தெரியலாம், பின்னால் இதற்கு நாடே வருந்தும் என்று எச்சரித்தார்.

இதற்கு ஓர் ஆண்டு முன்பே கோட்டின் இன்னொரு பாதியைப் பூட்டியிருந்தார்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்றொரு வட்டாரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிக வம்சாவளி. பத்து நிமிடத் தொலைவில் அலமோ ஹைட்ஸ்; வசதியான வெள்ளையர். டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகட்டுத் தொழிலாளி, விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், வழக்குத் தொடுத்தார். அறுபதுகளின் கடைசியில் இருந்த கணக்கு இது: எட்ஜ்வுட்காரர்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஒரு பிள்ளைக்குத் தேறியது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட் கட்டினார்கள். ஒரு பிள்ளைக்கு 333 டாலர். ஏழை அதிகம் கட்டினான், குறைவாகப் பெற்றான். மாநில, மத்திய உதவியெல்லாம் சேர்ந்தபிறகும் 356க்கு 594 என்று நின்றது. 1973 மார்ச்சில் தீர்ப்பு: கல்வி என்பது மத்திய அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை இல்லை, இந்த வரிமுறை செல்லும். எழுதியவர் நீதிபதி பவல். இவர் முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர், அதுவும் பிரவுன் தீர்ப்பு வந்த ஆண்டுகளில். அங்கே அவர் காலத்தில் கலப்பு நடக்கவே இல்லை என்று சொல்லலாம்.

இரண்டு வழக்கிலும் ஐந்துக்கு நான்கு. இரண்டிலும் அதே ஐந்து பேர், அதே நான்கு பேர். முதல் தீர்ப்பு பணம் கோட்டைத் தாண்டவேண்டியதில்லை என்றது. இரண்டாவது பிள்ளைகளும் தாண்டவேண்டியதில்லை என்றது. பிரவுன் வழக்குக்கு அஞ்சல்தலை போடுகிறார்கள், விழா எடுக்கிறார்கள். இன்றைய அமெரிக்கப் பள்ளியை உருவாக்கியவை, என் கணிப்பில், இந்த இரண்டுதான்.

பாஸ்டன் கலவரம் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். 1974 இலையுதிர் காலம். பள்ளிகளைக் கலக்க, பிள்ளைகளைப் பகுதி மாற்றிப் பஸ்ஸில் அனுப்பும்படி நீதிமன்ற உத்தரவு. கறுப்பினப் பிள்ளைகள் ஏறிய பஸ்கள்மேல் தெற்கு பாஸ்டனில் கல்லெறிந்தார்கள். பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றாதே என்பது கோஷம். கிளாரண்டனில் முப்பது பஸ் ஓடியபோது யாருக்கும் பஸ் உறுத்தவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாஸ்டன் வெள்ளையரின் கோபத்தில் ஒரு துளி நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஏழைக் கறுப்பினத்தவரின் ராக்ஸ்பரிக்கும் ஏழை ஐரிஷ்காரரின் தெற்கு பாஸ்டனுக்கும் இடையேதான் பிள்ளைகளை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் மோசமான பள்ளி. உத்தரவு போட்ட நீதிபதி வெல்ஸ்லி என்ற வசதியான புறநகரில் குடியிருந்தார். அவர் தெருவுக்குப் பஸ் வரவில்லை.

கோடு வேறுமாதிரி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஊர் சாட்சி இருக்கிறது: வட கரோலினாவின் சார்லட். அங்கே 1960இலேயே நிர்வாக வசதிக்காக நகரத்தையும் சுற்றியுள்ள கவுன்டியையும் ஒரே பள்ளி வட்டாரமாக்கியிருந்தார்கள். புறநகருக்கு ஓடினாலும் அதே வட்டாரம்தான், ஓடிப் பயனில்லை.

சார்லட் பள்ளிகளைக் கலக்கக் கோரிய வழக்கு ஜேம்ஸ் ஸ்வான் என்ற ஆறு வயதுப் பையன் பெயரில் தொடங்கியது. அவனுடைய தந்தை டேரியஸ் ஸ்வான் கறுப்பினப் பாதிரியார். மிஷனரியாக எங்கே இருந்தார் தெரியுமா? நம் இந்தியாவில். 1964இல் ஊர் திரும்பி, வீட்டுக்குப் பக்கத்துக் கலப்புப் பள்ளியில் மகனைச் சேர்க்கப் போனால், உன் பள்ளி அது இல்லை என்று கறுப்பினப் பள்ளிக்கு அனுப்பினார்கள். என் மகன் இந்தியாவில் வளர்ந்தவன், பிரித்து வைக்கும் பள்ளியை அவன் அறியமாட்டான் என்று தந்தை முறையிட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மிஷனரி வீட்டுப் பிள்ளைக்கு இந்தியா அப்படித் தெரிந்திருக்கிறது. அதே காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகளில் எந்தப் பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்தது, யார் எந்தப் பானையில் தண்ணீர் குடித்தார்கள் என்பதை இங்கே இருக்கும் பெரியவர்கள் அறிவார்கள்.

ஸ்வானுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் வீட்டில் குண்டு வைத்தார்கள், அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். 1971இல் உச்ச நீதிமன்றம், பஸ் விட்டுப் பள்ளிகளைக் கலக்கும் சார்லட் திட்டத்தை ஒருமனதாக ஏற்றது. பணக்கார வெள்ளையர் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி, வெஸ்ட் சார்லட் என்ற பழைய கறுப்பினப் பள்ளிக்கு வந்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை வந்தவுடன் அந்தப் பள்ளிக்கு வசதிகள் எப்படித்தான் வந்தனவோ! 1974இல் பாஸ்டன் பற்றி எரிந்தபோது, எங்கள் பள்ளிக்கு வந்து பாருங்கள் என்று அந்த மாணவர்கள் பாஸ்டன் மாணவர்களை அழைத்தார்கள். 1984இல் அதிபர் ரீகன் தேர்தல் பிரசாரத்துக்குச் சார்லட்டுக்குப் போய், இந்தப் பஸ் திட்டம் தோற்றுப்போன சோதனை என்கிற விதமாகப் பேசினார். அவருடைய கட்சிக் கூட்டம்தான். ஆனாலும் கைதட்டு வரவில்லை. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை, நீங்கள் சொன்னது தவறு என்று தலையங்கம் தீட்டியது.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். பொருளியலாளர் ரக்கர் ஜான்சன், அந்தக் காலத்துப் பிள்ளைகளை வளர்ந்து பெரியவர்களான பிறகும் தொடர்ந்து பார்த்தார். கலப்புப் பள்ளியில் கூடுதல் ஆண்டுகள் படித்த கறுப்பினப் பிள்ளைகள் மேலும் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், உடல்நலமும் மேம்பட்டிருந்தது. உடன் படித்த வெள்ளைப் பிள்ளைகளுக்கு எந்தக் கெடுதலும் காணோம். தோற்ற திட்டம் என்று இன்றும் சொல்கிறார்களே, அது பொய். பாதியில் நிறுத்திய திட்டம் என்றால் ஒப்புக்கொள்வேன். சார்லட்டிலேயே தொண்ணூறுகளில் ஒரு வெள்ளைப் பெற்றோர் வழக்குப் போட, 1999இல் நீதிமன்றம் இனி கட்டாயமில்லை என்றது. அடுத்த சில ஆண்டுகளில் வெஸ்ட் சார்லட் மறுபடி ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியானது. சியாட்டில், லூயிவில் ஊர்களில் தாமாக முன்வந்து, பிள்ளையின் இனத்தைக் கணக்கில் எடுத்துப் பள்ளி ஒதுக்கினார்கள். 2007இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஐந்துக்கு நான்கு என்று தடுத்தது. பிரவுன் தீர்ப்பைக் காட்டியே தடுத்தார்கள்.

டெட்ராய்ட் சுவருக்கு இப்போது இரண்டு பக்கமும் கறுப்பினத்தவரே குடியிருக்கிறார்கள். சுவரில் பிள்ளைகள் விளையாடும் காட்சிகளை வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். கோடு நகர எல்லைக்குப் போய்விட்டது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன தண்டனை என்பதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். ஒஹையோ மாநிலத்தில் ஒரு கறுப்பினத் தாய், தன் இரண்டு மகள்களை நல்ல பள்ளியில் படிக்கவைக்க, பக்கத்துப் புறநகரில் குடியிருந்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்துச் சேர்த்தார். பள்ளி வட்டாரம் துப்பறிகிறவரை வைத்துப் பின்தொடர்ந்தது. பொய் முகவரி கொடுத்த குற்றத்துக்காக 2011 ஜனவரியில் அவர் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். பிறகு மாநில ஆளுநர் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். அந்தப் பெண் அப்போது ஆசிரியையாவதற்குப் படித்துக்கொண்டிருந்தார்.